கடை சைட்டுக்குத் தனி வேகம்: மாதம் 350 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தே புடவை விற்கிறேன். சொந்த வெப்சைட் உண்டு. வாரம் இருமுறை இன்ஸ்டாகிராம் லைவும் போடுகிறேன். மாதம் 350 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் என் சைட் எல்லாருக்கும் வேகமாகத் திறக்கும் என்கிறார் நெட் கனெக்‌ஷன் ஏஜென்ட். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உங்கள் சைட் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. வாடிக்கையாளர் அதைத் தன் போனில், தன் சிம்மில் பார்க்கிறார். இதில் உங்கள் வீட்டு வயர் எங்கே வந்தது?

சைட்டைப் பொறுத்து டேட்டா கட்டணத்தை மாற்றுவதை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியிலேயே தடை செய்துவிட்டது. மீறும் நிறுவனத்துக்கு நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். ஒரு சைட்டை முடுக்குவதும் இன்னொன்றை முடக்குவதும் கூடாது என்று 2018இல் நெட் நிறுவனங்களின் லைசென்ஸ் நிபந்தனையிலும் எழுதிவிட்டார்கள். ஆனால் எல்லா டேட்டாவுக்கும் பொதுவாக 40 எம்பிபிஎஸ், 100 எம்பிபிஎஸ் என்று பிளான் விற்கலாம். ஏஜென்ட்கள் குழப்புவது இந்த இடத்தில்தான். ‘பிசினஸ் பேக்’ என்றால் டவுன்லோடு எவ்வளவு, அப்லோடு எவ்வளவு, எத்தனை ஜிபிக்குமேல் வேகம் குறையும் என்று எழுதி வாங்குங்கள். பில்லில் வராத காசைக் கையில் கொடுக்காதீர்கள். அடுத்து ஸ்டாடிக் ஐபி, அதாவது உங்கள் கனெக்‌ஷனுக்கு மாறாத முகவரி எண், வேண்டும் என்பார். வெப்சைட்டில் புடவை விற்க அது எதற்கு?

பெரிய கடைகளின் சைட் மட்டும் சட்டென்று திறக்கிறதே என்பீர்கள். அது சிடிஎன். படங்களின் நகலைப் பல ஊர் சர்வர்களில் வைத்து, பார்ப்பவருக்குப் பக்கத்திலிருந்து அனுப்பும் ஏற்பாடு. எல்லா சைட்டையும் சமமாக நடத்தச் சொல்லும் இந்த நெட் நியூட்ராலிட்டி விதியில் இதற்கு விலக்கு உண்டு. வழியில் யாரையும் முந்துவதில்லை, புறப்படும் இடம்தான் கிட்டே. காசுள்ளவருக்குச் சாதகம்தானே என்றால், ஆமாம். ஆனால் கிளவுட்ஃபிளேர் போன்ற சிடிஎன் நிறுவனங்கள் இலவசமாகவும் தருகின்றன. ஹோஸ்டிங்காரரிடம் கேட்டால் போட்டுத் தருவார். வீட்டு நெட்காரருக்கு இதில் வேலையே இல்லை. அதோடு, 4 எம்பி புடவைப் படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி 200 கேபிக்குள் கொண்டுவாருங்கள். சைட் திணறுவது பெரும்பாலும் படங்களின் பாரத்தால்தான்.

லைவ் அறுந்தால் அது உங்கள் வீட்டு நெட் சம்பந்தப்பட்டது. அப்லோடு 5 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் போதும். லைவ் இல்லாத நாளில், வழக்கமாக லைவ் போடும் அதே நேரத்தில் லேப்டாப்பை ரூட்டரில் லேன் கேபிளால் செருகி ஸ்பீடு டெஸ்ட் பாருங்கள். கேபிளில் சரியாக இருந்து வைஃபையில் விழுந்தால் ரூட்டரைக் கிட்டே வையுங்கள். கேபிளிலும் விழுந்தால் கஸ்டமர் கேரில் புகார் கொடுத்து டாக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) வாங்குங்கள். தீர்வு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதை விசாரிப்பதும் அதே நிறுவனம் அமைத்த அதிகாரிதான்; டிராயோ தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. என்ன முறையோ! நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கிய சேவை என்று அங்கே தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். பிழைப்புக்கான சுயதொழில் என்று மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.