கொட்டானைச் சும்மா ஏந்த வைக்காதீர்கள்

கேள்வி: இடிந்த செட்டிநாட்டு வீட்டின் வளவில், கொட்டான் எனும் பழைய பனையோலைக் கூடையை ஏந்தி நிற்கும் ஆச்சியை ஒரு பெண் ஓவியர் வரைந்திருக்கிறார். இழப்பு, துளிர்ப்பு, பெண்ணின் வலிமை மூன்றும் அதில் இருப்பதாகச் சொல்கிறார். தங்கள் கருத்து? (வாசகி, தேவகோட்டை)

பதில்: கொட்டான் என்று எழுதிவிட்டீர்கள். இனி நான் அதைப் பற்றித்தான் பேசுவேன்.

விரியாத பனங்குருத்தை வெட்டி, ஓலை பிரித்து, ஈர்க்கை நீக்கி, வெளுக்கும்வரை வெயிலில் காய வைக்க வேண்டும். அப்புறம் ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். ஓரிரு இழை அகலம் கூடினாலும் வாய் கோணிக்கொள்ளும். சாயத்தைக் கொதிநீரில் ஏற்றிய பிறகு ஓலையை நன்றாக அலசாவிட்டால், சிவப்பு பக்கத்து வெள்ளை ஓலையில் இறங்கிவிடும். பின்னும்போது பதம் முக்கியம். காய்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும். ஈரம் மிஞ்சியதைப் பின்னினால் அன்றைக்கு அழகாக இருக்கும். காய்ந்ததும் சுருங்கிச் சந்து விடும். அடி சதுரம், வாய் வட்டம். மூலையிலிருந்து மேலே திருப்பும் இடத்தில்தான் கைத்தேர்ச்சி தெரியும். அடைமழைக் காலத்தில் காற்றுப்படாமல் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பனைக்கு உச்சியில் ஒரே வளர்முனை. அரிவாள் அதுவரை இறங்கினால் மரமே பட்டுப்போகும். அளவாக வெட்டி, அடுத்த குருத்தை விரியவிட்டால் மரம் நிற்கும். காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். ஓவியர் வரைந்திருப்பது காய்ந்துபோன காவோலையை மட்டும். துளிர்ப்பைக் காட்ட அவருக்குக் குருத்து வேண்டாமா?

வலிமைக்கும் ஆச்சியைச் சும்மா நிற்க வைக்க வேண்டியதில்லை. நகரத்தார் வீடுகளில் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரே வளவுக்குள் இருந்தாலும் கல்யாணமான மகனுக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு. கணவர் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போயிருந்தபோது அந்தக் கணக்கைப் பார்த்தவள் அவள். 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்து அந்த வரவு நின்றபோதும் அடுப்பை அணையாமல் காத்தவள் அவள். அந்தக் கணக்கேட்டை வரையுங்கள் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் இடிந்த தூணையே வரைகிறார்கள்.

மங்கிப்போன கொட்டான், விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை காரைக்குடிப் பக்கத்துக் கிராமப் பெண்களுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்ததால் மீண்டது. இன்று அது அவர்களுக்குக் கூலி வரும் வேலை. அந்தக் கைகளையும் படத்தில் காணோம்.

கல்யாண வீட்டாருக்கும் ஒன்று, முன்பே பலமுறை எழுதியதுதான். தாம்பூலத்துக்குப் பிளாஸ்டிக் கூடை வேண்டாம். நூறு கொட்டான் தேவையென்றால் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் போய் நிற்காதீர்கள். ஓலை காய வெயில் வேண்டும், சாயம் உலர வேண்டும், ஒவ்வொன்றும் கையால் பின்னுவது. இரண்டு மூன்று மாதம் முன்பே சொல்லி, முன்பணம் கொடுங்கள். நூறு வாங்குகிறோமே என்று விலையை அடித்துப் பேசாதீர்கள். நூறாவது கொட்டானுக்கும் முதல் கொட்டானுக்கு ஆன அதே நேரம்தான் ஆகும்.