அப்பீல் மெடிக்கலுக்கு 26 நாள்தான் இருக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) எழுத்துத் தேர்வில் தேறி, எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்விலும் ராணுவத்துக்கு ரெகமெண்ட் ஆகிவிட்டான். மெடிக்கலில் அதிக எடை, மூக்குத் தண்டு வளைவு என்று இரண்டு காரணம் சொல்லி டி.ஆர். (தற்காலிக நிராகரிப்பு) போட்டுவிட்டார்கள். உயரம் 170 செ.மீ., எடை 67 கிலோ. அப்பீல் மெடிக்கலுக்கான 42 நாள் கெடுவில் 16 நாள் ஓடிவிட்டது. எங்கள் ஊரில் கோச்சிங் நடத்தும் ஒருவர், டெல்லியில் ஆள் வைத்து 'மெடிக்கல் வெய்வர்' (மருத்துவ விதியில் தளர்வு) வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஒன்றரை லட்சம் கேட்கிறார். கடைசி வாரத்தில்தான் அவருடைய ஆள் டூட்டியில் இருப்பாராம், அதுவரை போக வேண்டாம் என்கிறார். காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. என்.டி.ஏ.வுக்கு அப்படி வாங்கித் தரக்கூடிய வெய்வர் எதுவும் கிடையாது. இல்லாத ஒன்றுக்காக, கையில் இருக்கிற 26 நாளையும் விட்டுவிடாதீர்கள்.

அந்த வார்த்தை அமெரிக்காவில் இருந்து வந்தது. வெஸ்ட் பாயிண்ட் போன்ற அங்குள்ள ராணுவ அகாடமிகளில், பரிசோதனையில் தகுதியில்லை என்று வந்த மாணவருக்கு அகாடமியே தளர்வு தரலாம். மாணவர்கள் மாதக் கணக்கில் அதற்குக் காத்திருப்பார்கள். அந்த வீடியோக்களை யூடியூபில் பார்த்துவிட்டு நம் ஊர் ஆட்கள் இங்கே கடை விரிக்கிறார்கள். நம் ராணுவத்தில் இருப்பது மேல்முறையீடு. முதல் மருத்துவக் குழு தகுதியில்லை என்று சொன்னால் அப்பீல் மெடிக்கல் போர்டு. அங்கேயும் தகுதியில்லை என்றால் ரிவ்யூ போர்டு. விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கும் இடம் எதுவும் இந்த வரிசையில் இல்லை. அதே விதியை வைத்து வேறு டாக்டர்கள் மறுபடியும் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

டி.ஆர். என்றால் தற்காலிக நிராகரிப்பு. சரிசெய்யக்கூடிய குறை என்று டாக்டர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. உங்கள் பையனுக்கு வந்த இரண்டு குறையுமே, தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி. தன் அறிவிக்கையிலேயே 'வருவதற்கு முன் சரிசெய்துகொண்டு வாருங்கள்' என்று எச்சரிக்கும் பட்டியலில் இருப்பவை. காதில் அழுக்கு, மூக்குத் தண்டு வளைவு, அதிக எடை, குறைந்த எடை, மூலம், டான்சில், வெரிகோசீல் (விரைப்பையில் நரம்பு வீங்குவது) எல்லாம் அதில் வரும். அறிவிக்கை பக்கம் பக்கமாக ஓடுவதால் யாரும் அதுவரை படிப்பதில்லை. படிக்காதது பையன்கள் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு ஒரே ஒரு பக்கத்தில், அவன் மொழியில், இதை எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

முதலில் எடை. 17 முதல் 20 வயது வரை, 170 செ.மீ. உயரத்துக்கு அட்டவணை அனுமதிக்கும் உச்ச எடை 63.6 கிலோ. 67 இருக்கிறான் என்றால் மூன்றரை கிலோ குறைய வேண்டும். 26 நாளில் முடியும், ஆனால் இன்றைக்கே ஆரம்பித்தால்தான் முடியும். இரவுச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்து, காய், பருப்பு, முட்டை என்று வையுங்கள். பரோட்டா, பஜ்ஜி, குளிர்பானம், பேக்கரிப் பக்கமே வேண்டாம். காலையும் மாலையும் ஓடட்டும். வாரம் ஒரு நாள், காலையில் கழிவறை போய்விட்டு வந்ததும், அரை டவுசரோடு, ஒரே எடை மெஷினில் நிற்கச் சொல்லுங்கள். மருந்துக்கடை மெஷின் ஒன்று, ஜிம் மெஷின் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒரு கிலோ வித்தியாசம் காட்டி உங்களை ஏமாற்றும். குறி 62.5 ஆக இருக்கட்டும். ரயிலில் போய், ஓட்டலில் சாப்பிட்டு, பதற்றத்தில் தண்ணீர் குடித்து நிற்கும்போது அந்த ஒரு கிலோதான் காப்பாற்றும்.

முதல் நாள் 'தண்ணீர் மாத்திரை' கொடுத்து எடையை இறக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். நாடித்துடிப்பு எகிறும், தலை சுற்றும், உப்பு அளவு தாறுமாறாகும். பிள்ளையின் உயிரோடு விளையாடுவது அது.

'ஜிம்முக்குப் போகிற பையன், எல்லாம் சதை எடைதான்' என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு விதிவிலக்கு இருப்பது உண்மை. அதையும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்தும் ஒரு வியாபாரம் நடக்கிறது. பாடி பில்டிங், மல்யுத்தம், குத்துச்சண்டை போன்றவற்றால் உடல் திரண்டு எடை கூடியிருந்தால் ஏற்கலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் ஆதாரம் வேண்டும். பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 25க்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் பையனுக்கு 23 சொச்சம், அதனால் அந்தப் படியைத் தாண்டிவிடுவான். வயிற்றுச் சுற்றளவு 90 செ.மீ.க்குக் கீழே, வயிற்றுச் சுற்றளவை இடுப்புச் சுற்றளவால் வகுத்தால் 0.9க்குக் கீழே, பெண் பிள்ளைகளுக்கு முறையே 80 செ.மீ., 0.8. சர்க்கரை, கொழுப்பு உள்பட ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்து ஒன்று இல்லை என்றால் செல்லாது. இன்னும் முக்கியம், ஆதாரம் என்பது உண்மையிலேயே அந்த விளையாட்டை ஆடியதற்கான ஆதாரம். தெருமுனை ஜிம்காரர் லெட்டர்பேடில் எழுதிக் கொடுக்கும் தாளைப் பார்த்து யாரும் மயங்க மாட்டார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மாவட்ட, மாநிலப் போட்டிச் சான்றிதழ் உண்மையாகவே இருந்தால் எடுத்துக்கொண்டு போகட்டும். இல்லையென்றால் மூன்றரை கிலோவைக் குறைப்பது இதைவிட எளிது.

அடுத்தது மூக்கு. தண்டு கொஞ்சம் வளைந்திருப்பது ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும். மூச்சு தாராளமாகப் போய்வந்தால் லேசான வளைவை ஏற்கிறார்கள். அடைப்பு இருந்தால்தான் சிக்கல். அதனால் நாளைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். 'ஆபரேஷன் பண்ணுங்க டாக்டர்' என்று ஆரம்பிக்காமல், 'ராணுவ மெடிக்கலில் இப்படிச் சொன்னார்கள், அடைப்பு எவ்வளவு இருக்கிறது, அறுவை தேவையா' என்று கேளுங்கள். தேவை என்று சொன்னால் இந்த வாரமே முடித்துவிடுவது நல்லது. உள்ளே வீக்கம் வடிந்து, பொருக்கு உதிர்ந்து, ஆற சில வாரம் பிடிக்கும். அந்தக் கோச்சிங் ஆள் சொல்கிறபடி கடைசி வாரம் வரை சும்மா இருந்துவிட்டு அப்போது ஆபரேஷன் செய்தால், மூக்கில் ரத்தக் கட்டோடுதான் பையன் போர்டு முன்னால் நிற்பான். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அறுவை செய்ததை மறைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இப்போது அந்த ஒன்றரை லட்சத்துக்கு வருகிறேன். இந்த ஆட்கள் பிழைக்கும் விதம் எளியது. பத்துப் பையன்களிடம் பணம் வாங்குவார்கள். யாருக்கும் எதுவும் செய்ய மாட்டார்கள். நாலு பேர் சொந்த முயற்சியில் தேறிவிடுவார்கள், அந்த நாலு பேர் பணம் இவர் பைக்குள். மிச்சம் ஆறு பேரிடம் 'டெல்லியில் ஆளை மாற்றிவிட்டார்கள்' என்று கதை சொல்லி, மனமிருந்தால் கொஞ்சம் திருப்பித் தருவார்கள். பையன் தேறினால் 'பார்த்தீங்களா' என்பார்கள். போர்டில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து முடிவு எழுதுவதில்லை. கண்ணுக்கு ஒருவர், மூக்குக்கு ஒருவர், சர்ஜன் ஒருவர் என்று தனித்தனியாகப் பார்த்து எழுதுவார்கள். இத்தனை பேரையும் உங்கள் ஊர் கோச்சிங்காரர் கைக்குள் வைத்திருக்கிறார் என்று நம்பச் சொல்கிறார். அரசுக்கு நீங்கள் கட்ட வேண்டியது எம்.ஆர்.ஓ. என்கிற ராணுவக் கட்டணச் சலான் வழியாக 40 ரூபாய்.

இன்னொரு தந்திரமும் செய்வார். யு.பி.எஸ்.சி. இறுதிப் பட்டியல் வரும், அதில் உங்கள் பையன் பெயரும் இருக்கலாம். 'வெய்வர் வந்துடுச்சு, பாக்கிப் பணம் கொடுங்க' என்று வந்து நிற்பார். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போது மருத்துவ முடிவைக் கணக்கில் எடுக்கவில்லை என்று யு.பி.எஸ்.சி. அதே செய்திக்குறிப்பில் எழுதுகிறது. பெயர் இருப்பதும் மெடிக்கல் ஃபிட் ஆவதும் வேறு வேறு.

பையனிடம் கொடுத்த தாளை எடுத்து, எந்த மருத்துவமனை, எந்தத் தேதிக்குள் என்று பாருங்கள். எழுத்து புரியாவிட்டால் அந்தத் தாளோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள், படித்துச் சொல்லக்கூடியவர்கள் இருப்பார்கள். போர்டு நடவடிக்கைகள் ரகசியம், வீட்டாருக்கு எதையும் விளக்க மாட்டார்கள். 17 வயதுப் பிள்ளையிடம் ஒரு துண்டுத்தாளையும் ஒரு கெடுவையும் கொடுத்து அனுப்புவார்கள். தொலைபேசியில் கேட்டால் ஒரு பிரிவு இன்னொரு பிரிவைக் கைகாட்டும். இந்த இருட்டில்தான் புரோக்கர்கள் வளர்கிறார்கள், அதைச் சரிசெய்ய யாருக்கும் அவசரம் இல்லை. கெடு முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போதே போய்ச் சேரும்படி டிக்கெட் போடுங்கள். 43வது நாள் போய் நின்று ரயில் தாமதம் என்று சொன்னால் எடுபடாது.

அப்பீலிலும் தகுதியில்லை என்று வந்தால், ரிவ்யூ கேட்க ஒரே ஒரு நாள்தான் அவகாசம். அது உரிமை இல்லை. கோரிக்கையைப் பார்த்துவிட்டு, படைகளின் மருத்துவத் தலைமை இயக்குநர் அனுமதித்தால் உண்டு. ஊருக்கு வந்து யோசித்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடக் கூடாது, அங்கேயே மனு கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஃபிட் என்று வந்தாலும் தரவரிசையில் இடம் வர வேண்டும். அதனால் கல்லூரிச் சேர்க்கையை விட்டுவிடாதீர்கள். 19½ வயது வரை என்.டி.ஏ. மறுபடியும் எழுதலாம், அதன் பிறகு டிகிரியோடு, ராணுவ அதிகாரி ஆவதற்கான சி.டி.எஸ். தேர்வு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மெடிக்கல் புதிதாகத்தான் நடக்கும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அந்த ஆளிடம் பையனின் அசல் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் கொடுத்துவைத்திருக்கிறீர்களா? 'ஃபைலுக்கு வேணும்' என்று வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு பணம் தந்தால்தான் தருவேன் என்பார்கள். சேரும்போது அசல்தான் கேட்பார்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கிவிடுங்கள், இழுத்தடித்தால் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள்.