சிரிக்காமல் நிற்பவரின் வேலை

கேள்வி: ராணுவ முகாமில் இரண்டு நண்பர்கள் படும் பாட்டைக் காட்டும் பழைய அமெரிக்க நகைச்சுவைப் படம் 'பக் பிரைவேட்ஸ்' பார்த்தேன்; நண்பர்களாக அபாட், காஸ்டெல்லோ ஜோடி. சிரிக்க வைப்பது குண்டுக் காஸ்டெல்லோதான். பக்கத்தில் சிடுசிடுவென்று நிற்கும் அபாட் எதற்கு?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அபாட் இல்லாவிட்டால் அந்தச் சிரிப்பே இல்லை.

அந்த அணிவகுப்புக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். "நெஞ்சை வெளியே தள்ளு" என்கிறார் அபாட். "எனக்கு இன்னும் அது வேண்டியிருக்கிறதே" என்கிறார் காஸ்டெல்லோ. அபாட் லேசாகப் புன்னகைத்திருந்தாலும் இது வெறும் சொல் விளையாட்டாகப் போயிருக்கும். அவருக்கோ உண்மையிலேயே கோபம் வருகிறது. அதட்டுகிறார், பிடித்துத் தள்ளுகிறார், அடுத்த கட்டளைக்குப் போகிறார். அந்தக் கோபத்தை நாம் நம்புவதால்தான் காஸ்டெல்லோவின் முழி நமக்குச் சிரிப்பாக இருக்கிறது.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். 'தாயே முட்' (இந்தியில் 'வலப்பக்கம் திரும்பு') என்றதும் ஒருவன் இடப்பக்கம் திரும்பிவிடுவான். அப்போது எங்களுக்குச் சிரிப்பு வராது. ஹவில்தாரின் முகம் சிவக்கும் பாருங்கள், அதைப் பார்த்த பிறகுதான் வரிசை முழுக்கக் குலுங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் படம் 1941 ஜனவரியில் வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1940 செப்டம்பரில், அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கும் முன்பே கட்டாய ராணுவச் சேவைக்குச் சட்டம் போட்டிருந்தது. படத்தில் நடைபாதையில் டை விற்கும் இருவரும் போலீஸ்காரருக்குப் பயந்து, ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் இடமாக மாறியிருந்த ஒரு தியேட்டருக்குள் ஓடி, விவரம் புரியாமல் ராணுவத்தில் சேரக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். முகாமுக்குப் போனால் அந்தப் போலீஸ்காரரே சார்ஜென்டாக நிற்கிறார்! அந்த வேடத்தில் வரும் நாட் பெண்டில்டன் 1920 ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெள்ளி வென்றவர். அந்த உடம்பைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். கொட்டகையில் உட்கார்ந்து இதைப் பார்த்த இளைஞர்களில் பலருக்கும் நாளைக்கே அழைப்பு வரலாம் என்ற நிலை. அவர்களுக்குக் காஸ்டெல்லோ அந்நியர் இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கே வருகிறேன். இருவரும் மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்கள். சிரிக்க வைப்பவருக்குச் சரியான நேரத்தில் வாய்ப்பை எடுத்துக் கொடுக்கும் ஆள் கிடைப்பதுதான் அரிது என்று அந்த மேடைக்காரர்களுக்குத் தெரியும். ஆரம்ப காலத்தில் இவர்கள் வருமானத்தைப் பிரித்துக்கொண்டபோது நூற்றில் அபாட்டுக்கு 60 பங்கு, காஸ்டெல்லோவுக்கு 40.