எந்தத் தத்துவத்தை ஏற்பது? – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடங்களாகத் தத்துவம் படிக்கிறேன். அத்வைதம் படித்தபோது அதுதான் சரி என்று பட்டது. பிறகு பௌத்தம், அப்புறம் மார்க்ஸ். இப்போது ஸ்டோயிக் தத்துவம் பற்றிய காணொளிகள். ஒவ்வொன்றும் இரண்டு மாதம் என்னை ஆட்டிவைக்கிறது, அடுத்தது வந்ததும் முந்தையது உதிர்ந்துவிடுகிறது. ஊரில் அம்மா மகளிர் குழு லோன் கட்ட அல்லாடிக்கொண்டிருக்கும்போது நான் இதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பது சில நேரம் கூச்சமாகவும் இருக்கிறது. காந்தி ஒரே இரவில் ஒரு புத்தகம் படித்து வாழ்க்கையை மாற்றிக்கொண்டார் என்கிறார்கள். எனக்கு ஏன் அப்படி நிகழவில்லை? எந்த வரிசையில் படிக்க வேண்டும்? குரு தேவையா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்தபோது காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பாவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரும் உங்களைப் போலக் கணக்குத் துறைக்காரர். அதனால் உடனே எழுதுகிறேன்.

குரு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வாசிப்பு வரிசை பற்றி இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது, தேடிப் படியுங்கள்.

காந்தி கதையை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். 1904இல் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்கில் டர்பனுக்கு ரயிலேறும்போது நண்பர் ஹென்றி போலக் அவரிடம் ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் 'அன்டு திஸ் லாஸ்ட்' நூலைக் கொடுத்தார். காந்தி இரவெல்லாம் தூங்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள், எல்லோரும் உடலால் உழைத்துச் சேர்ந்து வாழும் ஃபீனிக்ஸ் குடியிருப்பு உருவாகிவிட்டது. எல்லோரும் சொல்வது இதைத்தான். அவர் எதற்காக டர்பனுக்கு ரயிலேறினார் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே நடந்துவந்த 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை நஷ்டத்தில் இருந்தது. அவர் வக்கீல் தொழிலில் சம்பாதித்த பணம் அதில் கரைந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்கைப் பார்க்கத்தான் போனார். அதற்குச் சில மாதங்கள் முன்பு ஜோகன்னஸ்பர்கில் இந்தியத் தொழிலாளர்களைப் பிளேக் தாக்கியபோது, பூட்டை உடைத்துத் திறந்த ஒரு காலிக் கட்டடத்தில் நோயாளிகளைக் கிடத்தி, இரவு முழுக்கக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் அவர். தனக்குள் ஆழமாக ஊறியிருந்த நம்பிக்கைகள் சிலவற்றை ரஸ்கினிடம் கண்டதாகச் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒருவர் கைக்குத்தான் அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது. நீங்கள் அதே புத்தகத்தை வாங்கி, அதே ரயிலில் ஏறினாலும் தூக்கம்தான் வரும்.

குமரப்பாவுக்கு வருகிறேன். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவர். அப்போது பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார், பம்பாயில் சொந்தமாகத் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். அங்கே ஒரு தேவாலயத்தில் 'இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது' என்று பேசினார். பேச்சு பத்திரிகையில் வர, அதைப் படித்த பேராசிரியர் செலிக்மன், இதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள் என்றார். பிரிட்டிஷ் அரசின் வரவு செலவுக் கணக்கைப் பிரித்துப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம் ஏறியது. ஒரு ஆடிட்டரின் கோபம் அது. யாரோ பொய்க்கணக்கு எழுதுகிறார்கள் என்று கண்டுபிடித்தவரின் கோபம்.

கவனியுங்கள், இந்தக் கட்டத்தில் அவர் காந்தியத்துக்குள் வந்திருக்கவில்லை.

1929இல் ஆய்வேட்டை அச்சேற்ற வழிதேடி காந்தியின் சபர்மதி ஆசிரமத்துக்குப் போகிறார். விலையுயர்ந்த மேனாட்டு உடை, கையில் தடி. ஒரு மரத்தடியில் சாணி மெழுகிய தரையில் ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருக்கிறார். சந்திப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார். நேரமானதும் அந்தக் கிழவரே "நீங்கள்தானே குமரப்பா?" என்று கேட்கிறார். யாரோ நாற்காலி எடுத்துவர, வேண்டாம் என்று அந்த உடையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இந்தக் காட்சி எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அன்று அவர் காந்தியவாதி ஆகிவிடவில்லை. பேச்சின் முடிவில் காந்தி அவருக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. குஜராத் கிராமங்களில் பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்துவீர்களா என்று வேலை கொடுத்தார். எனக்குக் குஜராத்தி தெரியாதே என்றார் இவர். குஜராத் வித்யாபீடக் கல்லூரி மாணவர்கள் உதவுவார்கள் என்றார் காந்தி. அந்தக் குளிர்காலத்தில் கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவில் ஊர் ஊராகப் போனார்கள். என்ன விளைகிறது, எவ்வளவு கடன், எவ்வளவு வரி, வருஷத்தில் எத்தனை நாள் வேலை இருக்கிறது என்று விவசாயிகளின் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினார்கள். நியூயார்க்கில் அரசாங்கத்தின் பேரேட்டில் பார்த்த ஏழ்மையை இங்கே ஆள் ஆளாக, வீடு வீடாகப் பார்த்தார். குமரப்பா காந்தியத்துக்குள் வந்தது இந்த வாசல் வழியாகத்தான். கதரும் சிறையும் வார்தாவில் கிராமத் தொழில்களுக்கான மகன்வாடி மையத்தில் செக்கும் கைக்காகிதமும் பின்னால் வந்தவை. ஜபல்பூர் சிறையில் 'நிலைத்த பொருளாதாரம்' நூலை எழுதியது அதற்கும் பிறகு.

கணக்குப் பார்க்கும் பழக்கத்தை அவர் விட்டாரா? கடைசி வரை விடவில்லை. எந்தக் கையால் பேரேடு எழுதினாரோ அதே கையைப் பிடித்துத்தான் அந்தத் தத்துவம் அவரை அழைத்துப் போனது. நான் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒருவரை ஒரு தத்துவம் பிடிப்பது அவர் ஏற்கனவே நன்றாகச் செய்கிற வேலை வழியாக, அவரைத் தூங்கவிடாத ஒரு கேள்வி வழியாக. கேள்வியே இல்லாமல் பதில்களை மட்டும் சேர்த்துக்கொண்டு போனால், இரண்டு மாதத்துக்கு ஒரு பதில் உதிரத்தான் செய்யும்.

கல்லூரி நாட்களில் எனக்கு ஒரு பெரியவரைத் தெரியும். கதர் நூற்புக்கான காந்திய அமைப்பான எங்கள் ஊர் சர்வோதய சங்கத்தில் கணக்கெழுதுபவர். சனிக்கிழமை காலையில் பெண்கள், பெரும்பாலும் வயதானவர்கள், நூற்ற நூலைச் சிட்டம் சிட்டமாகக் கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றையும் விரலால் நீவிப் பார்ப்பார். முறுக்கு குறைந்ததைத் தனியே வைப்பார். மீதியை நிறுத்து, கூலியை எண்ணிக் கொடுத்து, அடுத்த வாரத்துக்கான பஞ்சைக் கட்டித் தருவார். முறுக்கு குறைந்த பாட்டி சண்டைக்கு வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார். அதேசமயம் விட்டுக்கொடுக்கவும் மாட்டார். நூலை அவிழ்த்து எங்கே தவறு என்று காட்டுவார். நான் அவரிடம் காந்தியை எதிர்த்து மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். அவருக்கு வாதாட வராது. ஒருநாள், நீங்கள் எப்படி ஐயா காந்தியவாதி ஆனீர்கள் என்று கேட்டேன். "எனக்கு வேற வேலை கிடைச்சுது தம்பி. போயிருப்பேன். சனிக்கிழமை இவங்க வந்து நிப்பாங்களே, யாரு நிறுத்து வாங்குவாங்கன்னு நெனச்சேன். அப்படியே இருந்துட்டேன்" என்றார். பதில் முடிந்துவிட்டது. அவர் தராசைத் துடைக்கப் போய்விட்டார்.

காந்தியைப் பற்றி அவரைவிட ஆயிரம் மடங்கு படித்தவர்களோடு பழகியிருக்கிறேன். அந்த அளவுக்குக் காந்தியம் ஊறிய இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் உயிருள்ள வாக்கியம் ஒன்றுதான் இருக்கிறது, அம்மாவின் லோன் பற்றியது. அதை ஒரே வரியில் கடந்து காந்திக்கு ஓடிவிட்டீர்கள். கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். கூச்சப்பட்டு என்ன ஆகப்போகிறது? நீங்கள் கணக்குத் தணிக்கை செய்கிறவர். அம்மாவின் லோன் கார்டை வாங்கி, கைக்கு வந்த பணம் எவ்வளவு, இன்சூரன்ஸ், சார்ஜ் என்று முன்னாலேயே பிடித்தது எவ்வளவு, வாராவாரம் கட்டுவதில் வட்டி எவ்வளவு என்று ஒருநாளாவது உட்கார்ந்து போட்டுப் பார்த்தீர்களா? அதே குழுவில் இருக்கும் மற்ற பெண்களின் கார்டுகளை? ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் தலையில் விழுகிறதே, அங்கே நட்பு என்ன ஆகிறது, மானம் என்ன ஆகிறது? மார்க்ஸைப் படித்தேன் என்கிறீர்கள். துக்கத்துக்குக் காரணம் உண்டு என்ற பௌத்தத்தையும் படித்தேன் என்கிறீர்கள். இரண்டு பேரும் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று நினைத்தீர்கள்?

அந்தக் கணக்கைப் போட்டு முடித்தபின் மார்க்ஸிடம் போவீர்களோ, குமரப்பாவிடம் போவீர்களோ, புத்தரிடம் போவீர்களோ, எனக்குத் தெரியாது. எங்கே போனாலும் நீங்கள் கேட்பதற்கு ஒன்று இருக்கும். காணொளிகளை நிறுத்திவிடுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு தத்துவத்தைச் சொல்லி முடிப்பவர் உங்கள் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

ஒன்றை ஏற்றுக்கொண்டால் மற்றதையெல்லாம் தூக்கியெறிய வேண்டுமோ என்ற பயமும் உங்கள் வரிகளில் தெரிகிறது. வேண்டியதில்லை. குமரப்பா கடைசி வரை கிறிஸ்தவர்தான். விடுதலைப் போராட்டத்தில் திருச்சபை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பேராயருக்கே கடிதம் எழுதிக் கேட்டவர். இயேசுவைப் பற்றிச் சிறையில் இருந்தபடியே நூல் எழுதினார்.

உங்களுக்குத் தாமதமாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். அம்பேத்கர் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது மராத்தி எழுத்தாளர் கேளுஸ்கர் தான் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். இந்துவாகச் சாகமாட்டேன் என்று இயோலாவில் அவர் அறிவித்தது 1935இல். நாக்பூரில் பௌத்த தீட்சை பெற்றது 1956 அக்டோபர் 14. இடையில் மகாட் குளப் போராட்டம், வட்டமேசை மாநாடு, அரசியல் சட்டம் எல்லாம் நடந்தன. கையில் முதல் புத்தகம் வந்ததிலிருந்து 49 ஆண்டுகள். நீங்கள் மூன்று வருடத்தில் அவசரப்படுகிறீர்கள்.

அன்புடன்