முதலில் ஏரி, அப்புறம் கப்பல்

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 35 ஆண்டுகள் நிறையப்போகின்றன. துபாயில் இருக்கும் மகன் எங்களை இத்தாலிக்கு அனுப்ப ஆசைப்படுகிறான். ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில், வெனிஸில் ஏறும் சொகுசுக் கப்பலில் முதல் ஏழு இரவு. பிறகு மிலன் நகரமும் கோமோ ஏரியும் ஐந்து இரவு. விமானம் இறங்கும் அன்றே கப்பல் ஏற வேண்டுமாம். இப்படிச் சேர்த்துப் போவது சரிதானா? கடல் எனக்கு ஒத்துக்கொள்ளுமா, ஹலால் சாப்பாடு கிடைக்குமா என்றும் கவலை. என் கணவரோ, “ஏரி பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா, நம்ம ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் போதாதா?” என்கிறார்.
ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: சேர்த்தே போங்கள், சகோதரி. விசாவும் விமானச் செலவும் ஒரே தடவையோடு போகும். ஆனால் உங்கள் ஏஜென்ட் திட்டத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். ஏரியும் நகரமும் முதலில் வரட்டும், கப்பல் கடைசியில் இருக்கட்டும்.

உங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் போட் மெயில் நினைவிருக்கும். சென்னையில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, தலைமன்னாருக்குக் கப்பல் பிடித்து, ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போனார்கள். 1964 புயலோடு அந்த வழி போயிற்று. அது ரயிலோடு சேர்ந்த கப்பல். நீங்கள் ஏறப்போகும் கப்பலுக்கும் உங்கள் விமானத்துக்கும் அப்படி ஒரு உறவும் இல்லை. விமானம் ஆறு மணி நேரம் தாமதமானால் கப்பல் போய்விடும். நீங்கள் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் ஓட வேண்டியதுதான். ஒருமுறை என் பெட்டி வேறு ஊருக்குப் போய், மூன்றாம் நாள்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. ஓட்டலில் இருந்ததால் பிழைத்தேன். கப்பலில் இருந்திருந்தால் அந்தப் பெட்டி துறைமுகம் துறைமுகமாக என்னைத் துரத்திக்கொண்டு வந்திருக்கும்.

அடுத்தது அந்த ‘வெனிஸ்’. 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸ் நகரத்தின் நடுவே போகும் கால்வாய்க்குள் வரக்கூடாது. அதனால் விளம்பரத்தில் வெனிஸ் என்று போட்டுவிட்டு, ராவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ ஏற்றுகிறார்கள். வெனிஸிலிருந்து ராவென்னாவுக்கே பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ரோம் என்று போட்டிருந்தாலும் இதே கதைதான், கப்பல் நிற்பது 70 கிலோமீட்டருக்கு அப்பால் சிவித்தாவெக்கியாவில். எந்தத் துறைமுகம் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள்.

உங்கள் திட்டத்துக்குப் பொருத்தமான துறைமுகம் ஜெனோவா. மிலனிலிருந்து ரயிலில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். பியாத்சா பிரின்சிப்பே ஸ்டேஷனில் இறங்கினால் கப்பல் முனையம் நடக்கிற தூரம். மார்செய், பார்சிலோனா பக்கம் சுற்றிவிட்டு அங்கேயே கொண்டுவந்து விடும் ஏழு இரவுக் கப்பல்கள் இருக்கின்றன. முந்தின நாளே ஜெனோவாவுக்குப் போய் ஒரு இரவு தங்கிவிடுங்கள்.

மிலனுக்கு ஒரு இரவு போதும். பெரிய தேவாலயத்தின் கூரைமேல் லிஃப்டில் ஏறிப் பார்த்தால் பாதி ஊரைப் பார்த்த மாதிரி. மிச்சம் மூன்று இரவையும் ஏரிக்குக் கொடுங்கள். கோமோ நகரத்தில் தங்காமல், கிழக்குக் கரையில் வரென்னாவில் தங்குங்கள். மிலன் சென்ட்ரலிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஏரி தலைகீழ் ஒய் எழுத்து மாதிரி இருக்கும். அது இரண்டாகப் பிரிகிற முனையில் பெல்லாஜியோ. வரென்னாவிலிருந்து படகில் கால் மணி நேரம்தான். படித்துறையும் சந்துப்படிகளும் நிறைய என்பதால் ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி போதும். உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்க்கு நானும் ரசிகன்தான். ஆனால் அது கோடையில் வற்றும், இது 400 மீட்டருக்கு மேல் ஆழம். எத்தனை மடை என்று அவர் போய் எண்ணிப் பார்க்கட்டும்.

‘சொகுசு’ என்ற வார்த்தைக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். சில நூறு பேர் மட்டும் போகும் சின்னக் கப்பல்களில் டிப்ஸ், மது எல்லாம் பெரும்பாலும் கட்டணத்திலேயே சேர்ந்துவிடும். நீங்கள் தொடாத மதுவுக்கும் சேர்த்துக் காசு கட்டுவானேன்? பெரிய கப்பலில் பால்கனி அறை எடுங்கள், மிஞ்சுகிற பணத்தில் ஏரியைப் பார்த்த மாதிரி அறை கிடைக்கும். பெரிய கப்பலில் டிப்ஸ் தினக்கணக்கில் தனியாக ஏறும் என்பதை மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பெண் கடல் எது, ஆண் கடல் எது என்று தெரிந்த ஊர்க்காரர் நீங்கள். மே கடைசியிலோ செப்டம்பரிலோ போனால் மத்தியதரைக் கடல் பெரும்பாலும் பெண் கடல்தான், அலை அடங்கிக் கிடக்கும். வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்தால் தூக்கிப் போடும் இல்லையா? கப்பலிலும் அப்படித்தான். நடுப்பகுதியில், பால்கனி இருக்கிற தளங்களில் ஆகக் கீழானதில் அறை கேளுங்கள். கையில் கொஞ்சம் இஞ்சி மரப்பா.

விசா ஷெங்கன், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம்வரை விடாதீர்கள். அதிக இரவுகள் இத்தாலியில் என்பதால் இத்தாலிக்கு விண்ணப்பம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். கப்பல் துனிசியா, துருக்கி என்று ஷெங்கனுக்கு வெளியே எங்காவது நின்றால், பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள்.

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மாத்திரை, பாஸ்போர்ட், மறுநாள் உடுப்பு மூன்றையும் கைப்பையில் எடுத்துவைத்துவிட்டுக் கொடுங்கள். இராத்துணியோடு இறங்கியவர்கள் உண்டு. அன்றைக்கு மாலைக்கு முன் மிலனில் விமானம் வேண்டாம்.

ஹலால் எல்லாக் கப்பலிலும் இருக்காது. முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு, பதிலும் எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் மீனும் காய்கறியும்தான். ஆனால் மீன் விஷயத்தில் கீழக்கரைக்காரரைத் திருப்திப்படுத்த அந்தச் சமையல்காரரால் முடியுமா என்பது சந்தேகம்தான். ஊறுகாய் பாட்டிலை இறுக மூடி, கைப்பையில் இல்லாமல் பெட்டியில் வையுங்கள்.