வெள்ளைத்தாள் வசூலும் சில கேள்விகளும்

கேள்வி: தருமபுரியில் அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். போன மாதம் எங்கள் டிரைவர் அண்ணனுக்குத் திடீரென்று பைபாஸ் ஆபரேஷன். வழக்கம்போல ஒரு தாளில் பெயர் எழுதி வசூல் சுற்றியது. ஒவ்வொரு தடவையும் இப்படிக் கை ஏந்துவதற்குப் பதில் நாங்களே ஒரு நிதி வைத்துக்கொள்ளலாமா? இங்கிலாந்தில் அரசு ஊழியர்களுக்கென்றே ஓர் அறக்கட்டளை இருக்கிறதாமே?
வாசகி, பாலக்கோடு

பதில்: அந்தத் தாள் சுற்றாத ஆபீஸ் எது? மேலே கண்காணிப்பாளர் ஆயிரம் என்று எழுதிவிடுவார், அடுத்தவர் ஐந்நூறு, கீழே வர வர தொகுப்பூதியத்தில் இருக்கும் பிள்ளை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும். வாங்குகிறவர் பாடு அதைவிடச் சங்கடம், யார் எவ்வளவு போட்டார்கள் என்ற பட்டியல் கவரோடு சேர்ந்து அவர் வீட்டுக்கே போய்விடுகிறது. கொடுப்பவர்கள் மனசில் குறையில்லை, முறைதான் சரியில்லை.

நீங்கள் சொல்லும் இங்கிலாந்து அமைப்பு 1886-லேயே தொடங்கியது. அரசு ஊழியர்கள் விருப்பப்பட்டுக் கொடுக்கும் நன்கொடைதான் அதற்கு முக்கிய பலம். பணியில் இருப்பவரும் ஓய்வு பெற்றவரும் நேராக அவர்களிடமே கேட்கலாம், விஷயம் வெளியே போகாது. பண உதவி மட்டுமில்லை, கடனில் மாட்டியவருக்கும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டே வேலைக்கு வருபவருக்கும் வழிகாட்டுகிறார்கள்.

நமக்கு ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஜூலையில் தொடங்கிய புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்து, நான்கு ஆண்டுகளுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம், குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு 10 லட்சம் வரை என்று வைத்தார்கள். டிரைவர் அண்ணன் காப்பீட்டுக் கார்டை ஆஸ்பத்திரியில் காட்டினாரா என்று முதலில் கேளுங்கள், அவசரத்தில் பலர் அதையே மறந்துவிடுகிறார்கள். குடும்பப் பாதுகாப்பு நிதியும் இருக்கிறது, பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம். ஆனால் அது ஆள் போன பிறகு வருவது. காப்பீடோ ஆஸ்பத்திரி பில்லோடு நின்றுவிடும். சேலத்திலோ பெங்களூரிலோ மனைவி தங்கும் ரூம் வாடகை, சாப்பாடு, வாரத்துக்கு ரெண்டு தடவை பஸ், ஊரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆள், இதற்கெல்லாம் எந்தத் திட்டத்திலும் காசு கிடையாது. 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர் என்றால் பழைய பி.எஃப். கணக்கே கிடையாது, அதில் அட்வான்ஸ் போடுகிற வழியும் அடைபட்டுவிட்டது. உங்கள் நிதி வேண்டியது இந்த இடைவெளிக்குத்தான்.

தாராளமாகத் தொடங்கலாம். அரசு ஊழியர் நடத்தை விதிகள்படி வசூலுக்கு முன் அனுமதி வேண்டும், அதை எழுத்தில் வாங்குங்கள். 1975-ம் வருடச் சங்கப் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம். மாதத் தொகையைக் கடைசிச் சம்பளக்காரர் முகம் சுளிக்காத அளவில் வையுங்கள். கடன் கொடுக்கிற வேலையை இதற்குள் நுழைக்கவே வேண்டாம், அதற்கு ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கமான சிக்கன நாணயச் சங்கம் இருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியம், மூன்று பேர் குழு முடிவு செய்ய வேண்டும், வாங்கியவர் பெயர் அந்த மூவரைத் தாண்டக் கூடாது. கணக்கில் ‘மருத்துவ உதவி, ஒருவர்’ என்று இருந்தால் போதும், தணிக்கை செய்பவரிடம் மட்டும் ரசீதைக் காட்டுங்கள். போலீஸில் ஒரே பேட்ச்காரர்கள் வாட்ஸ்அப்பில் பேசி, இறந்த சக காவலர் குடும்பத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று போட்டுத் தருகிறார்களே, அது பெரிய விஷயம். ஆனால் உயிரோடு திண்டாடுகிறவருக்கு அப்படி ஊரறியக் கேட்க வாய் வராது.

கேள்வி: என் கணவர் அரசு ஊழியர். மகள் காலேஜ் ஃபீஸுக்கு ஓசூரில் வட்டிக்கு வாங்கினார். ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் வட்டிக்காரரிடமே கொடுத்துவிட்டார். சம்பளம் ஏறியதும் அவர் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறார். ஆபீஸில் தெரிந்தால் மானம் போய்விடும் என்கிறார் கணவர்.
பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கார்டை இன்றைக்கே முடக்கச் சொல்லுங்கள் அம்மா, ஒரு போன் போதும். கார்டை அடமானமாக வாங்கி வைத்துக்கொள்ள அந்த ஆளுக்கு எந்த உரிமையும் கிடையாது, அநியாய வட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மிரட்டினால் எஸ்.பி. ஆபீஸில் மனு கொடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 எண்ணில் கூப்பிடுங்கள், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

அசல் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு என்று இருவரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் அவரைச் சிக்கன நாணயச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அங்கே கடன் மனுவில் சக ஊழியர் ஜாமீன் கையெழுத்து கேட்பார்கள், ஆகவே ஆபீஸில் ஒருவருக்காவது சொல்லித்தான் ஆக வேண்டும். யாரிடம் என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும்.