புது ரைஃபிளில் குறி சிதறுகிறது, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கேள்வி கேட்டிருப்பவர் அமெரிக்காவில் வசிக்கிறார். மான் வேட்டைக்கென்று அவர் புதிதாக வாங்கிய .308 ரைஃபிள் (அந்த எண் குண்டின் விட்டம், அங்குலத்தில்), 100 கெஜத்தில் ஐந்து தோட்டாக்களை நான்கு அங்குலத்துக்குச் சிதறடிக்கிறதாம். துப்பாக்கியில்தான் குறையா, கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

கொடுக்கலாம், ஆனால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். அவசரப்பட்டுக் கடைக்குப் போய் அவமானப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம், ஏனென்றால் இதற்குக் கீழே என்ன எழுதப்படும் என்பது எனக்குத் தெரியும். நான் வேட்டைக்காரன் அல்லன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. காகித இலக்கைத் தவிர வேறெதையும் நான் சுட்டதுமில்லை. என்னுடையது .22 ரைஃபிள், அவருடையது .308; இரண்டும் ஒன்றல்ல என்பதும் தெரியும். ஆனால் குழலைத் தாங்கும் கட்டை, திருகாணி, சுடுகிறவனின் தோள் ஆகிய மூன்றும் எல்லா ரைஃபிளுக்கும் பொது. என் அனுபவத்தில் குறை அந்த மூன்றில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது.

தில்லியில் மயூர் விகாரில் குடியிருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு உரிமம் பெற்று, ஒரு ஜூன் மாதக் கடைசியில் அந்த ரைஃபிளை வாங்கி, துக்ளகாபாத்தில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட, கர்ணி சிங் பெயரைத் தாங்கிய சுடுதளத்துக்கு ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருந்தேன். முதல் இரண்டு வாரமும் 50 மீட்டரில் ஐந்து குண்டுகள் நாலரை சென்டிமீட்டருக்குக் குறைந்து விழவில்லை. இங்கே வாங்கும் ஒவ்வொரு தோட்டாவும் உரிமப் புத்தகத்தில் பதிவாகும். ஐம்பது தோட்டாவை வீணாக்கிவிட்டு வீடு திரும்பும் ஞாயிற்றுக்கிழமையின் எரிச்சல், கடைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாக அள்ளிவரும் நாட்டில் இருப்பவருக்குப் புரியாது.

மூன்றாவது வாரம் பொறுமையிழந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யப் பார்த்தேன். வேறு நிறுவனத்தின் தோட்டாவுக்கு மாறினேன், குழலைச் சுத்தம் செய்தேன், ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகாணிகளை இறுக்கினேன், துப்பாக்கியைத் தாங்கும் மணல் மூட்டையையும் இடம் மாற்றி வைத்தேன். சிதறல் மூன்றரை சென்டிமீட்டராகக் குறைந்தது. எதனால் குறைந்தது என்று மட்டும் தெரியவில்லை. அடுத்த வாரம் மறுபடி நாலரைக்கு ஏறியபோது எதைச் சந்தேகிப்பது என்றும் தெரியவில்லை. மறுநாளே கடைக்குப் போய், விற்றவரிடம் உரக்கப் பேசிவிட்டு வந்தேன்.

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஆம்பூர்ப் பக்கத்து முன்னாள் சுபேதார் ஒருவர்; ஓய்வுக்குப் பின் தில்லியிலேயே தங்கிவிட்டவர், தளத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் ரைஃபிளைக் கேட்டு வாங்கி, முதலில் அவரே ஐந்து சுட்டார். அவருக்கும் நான்கு சென்டிமீட்டர்! ‘அப்ப உங்க கை மட்டும் காரணமில்ல சார்’ என்றார். அந்த ‘மட்டும்’ எனக்குக் கேட்டது. பிறகு, ‘ஒரு பத்து ரூபா நோட்டு இருக்குங்களா?’ என்றார். அன்பளிப்பு கேட்கிறார் என்று நினைத்து, கொஞ்சம் முகம் சுளித்தபடி நூறு ரூபாயை எடுத்தேன். ‘பத்து போதும் சார், புது நோட்டா குடுங்க’ என்றார்.

தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு, அந்த நோட்டை நீளவாக்கில் மடித்து, கட்டையின் முன்நுனியில் குழலுக்கு அடியில் செருகிப் பின்னோக்கி இழுத்தார். நுனியிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில், வலப்பக்கம் நோட்டு சிக்கிக்கொண்டது. கழற்றிப் பார்த்தபோது கட்டையின் உட்பள்ளத்தில் அதே இடத்தில், நெல்மணி நீளத்துக்கு, குழல் உரசி மரம் பளபளத்திருந்தது. தில்லியின் ஆடி ஆவணி ஈரத்தில் கட்டை ஊதி, குழலை ஒரு பக்கமாக நெம்பிக்கொண்டிருந்திருக்கிறது. வாரை இறுக்கிப் படுத்துச் சுட்டால் குண்டு ஓரிடத்திலும், மூட்டைமேல் வைத்துச் சுட்டால் வேறோரிடத்திலும் விழுந்ததற்கு அதுதான் காரணம். உருண்டைக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றிப் பள்ளத்தைத் தேய்த்து, ஈரம் ஏறாதபடி உள்ளேயும் வார்னிஷ் பூசிய பிறகு, அதே தோட்டாவில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டருக்குள் ஐந்தும் விழுந்தன.

இனி உங்கள் .308க்கு வருகிறேன். குழலைத் தொடாமல் விலகி நிற்கும்படி செய்த கட்டையாக இருந்தால் இந்த நோட்டுச் சோதனையை இன்றே செய்யுங்கள். சில துப்பாக்கிகளில் முன்நுனியில் வேண்டுமென்றே ஓர் அழுத்தம் வைத்திருப்பார்கள், ஆகவே கையேட்டைப் பார்க்காமல் உப்புத்தாளை எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் கட்டை ஈரத்தில் ஊதாது, ஆனால் மெலிந்த முன்பகுதி மூட்டையின்மேல் வளைந்து குழலைத் தொடும். கட்டையையும் உலோகப் பகுதியையும் பிணைக்கும் திருகாணிகள், ஸ்கோப்பின் அடித்தளத் திருகாணிகள், வளையத் திருகாணிகள் ஆகியவற்றைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு, அளவு காட்டும் முறுக்கியால் இறுக்குங்கள். இறுக்கியபின் ஒவ்வொரு திருகாணித் தலைக்கும் குறுக்கே நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகாணி நகர்ந்திருக்கிறது என்று பொருள். என் மனைவியின் சிவப்புச் சாயம் இன்றும் என் ஸ்கோப்பில் இருக்கிறது. அவருக்கு அதில் இன்றுவரை உடன்பாடில்லை.

வேட்டை ரைஃபிளின் குழல் சுமந்து நடப்பதற்காக மெல்லியதாகச் செய்யப்படுவது. அது சீக்கிரம் சூடேறும், சூடேறினால் குறி நகரக்கூடும். ஐந்தையும் மளமளவென்று சுட்டிருந்தால் அந்த நான்கு அங்குலத்தை நான் நம்ப மாட்டேன். மூன்று சுடுங்கள், குழலைக் கையால் பற்றிக்கொள்ள முடிகிற அளவுக்கு ஆறவிடுங்கள், பிறகு மூன்று. தொழிற்சாலையில் பூசிய பாதுகாப்பு எண்ணெயை முதலில் துடைத்தெடுத்தீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள்.

தோட்டாவின் எடையையும் மாற்றிப் பார்க்க வேண்டும். 150 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டைச் சிதறடிக்கும் குழல் 165 அல்லது 180 கிரெயினைக் கச்சிதமாக வைப்பது சாதாரணம். ஆனால் அன்றைக்கு அதை மட்டுமே மாற்றுங்கள், திருகாணியைத் தொடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். .308 தோளில் நன்றாகவே உதைக்கும். அந்த உதையை எதிர்பார்த்து, விசையை இழுக்கும் கணத்தில் தன்னையறியாமல் உடம்பைக் குறுக்கிக்கொள்ளாதவர் குறைவு. நண்பரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் சில முறை நிஜத் தோட்டாவும் சில முறை போலித் தோட்டாவும் போட்டுத் தரச் சொல்லுங்கள். போலித் தோட்டாவில் குழல் முனை குலுங்கினால், உங்கள் நான்கு அங்குலத்தில் ஒரு பங்கு உங்களுடையது.

ஒவ்வொரு இலக்குக் காகிதத்திலும் தேதி, தோட்டாவின் பெயர், எடை, அன்று மாற்றிய ஒரே ஒரு விஷயம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். இவ்வளவும் செய்து, இன்னொருவர் சுட்டும் நான்கு அங்குலம் குறையவில்லையென்றால், அந்தக் காகிதக் கட்டோடு கடைக்குப் போங்கள். நான் போனபோது என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை. விற்றவர் நிதானமாக, ‘எந்தத் தோட்டா, எத்தனை மீட்டர், திருகாணி பார்த்தீர்களா?’ என்று இந்தியில் கேட்ட மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை.